கடைசியாக வந்த படம்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அந்தத் தோட்டத்து ஆபீசிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் பிரேமினிதான். பொகவந்தலாவையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் கடைசி பஸ் தரிப்பிடம் கல்லுமலை. அதற்கு மேலே தேயிலையும் காடும்தான். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். ஹட்டனில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த வடிவேலின் மகளை ஸ்டோர் ஆபீசுக்கு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, அவளுடைய அம்மா அன்னம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

அதே லயத்தில் நாலு வீடு தள்ளிப் பிறந்தவள் ஜெயந்தினி. பிரேமினிக்கும் அவளுக்கும் பதினாறு நாள்தான் வித்தியாசம். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். கணக்கில் ஜெயந்தினிதான் கெட்டிக்காரி. பரீட்சை முடிந்த மாதம் அவளுடைய அப்பா இறந்துபோனார். தோட்டத்தில் வேலைக்கு ஒருவர்கூட இல்லாத வீடு அங்கே நிலைக்காது. ஜெயந்தினி செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் பதிந்து மலைக்குப் போனாள். மேலே படிக்கப் பிரேமினி மட்டும் பஸ் ஏறினாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிரேமினி ஆபீசுக்குப் போன முதல் வருடம் அது. ஒரு சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தினி குடத்தைத் தொப்பென்று வைத்தாள்.

"இன்னைக்கும் நிறையில கழிச்சிட்டாங்கடி. முத்தல் எலையாம். கூடைய கொட்டின ஒடனே எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிடுறாங்க. எது என்னோடது, எது மத்தவங்களோடது? ஒனக்காவது தெரியுமா?"

"எனக்கு நிறுத்த கணக்கு மட்டுந்தான் ஜெயா வரும். கொழுந்து எங்க வருது?"

"அப்பன்னா எங்க கண்ணுக்கு காட்டச் சொல்லு. இந்தா பாரு, இதுதான் ஒன் கொழுந்து, இதுல இவ்வளவு முத்தல்னு காட்டினா நாங்க ஏன் சண்ட புடிக்கப்போறோம்? நீதான் ஆபீசுல இருக்கியே."

அந்தப் பேச்சு பிரேமினிக்குள் தங்கிவிட்டது. ஆபீஸ் கூட்ட அறையில் ஒரு பெரிய டிவி, போர்வை போட்டு மூடியபடி சும்மா கிடந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிற கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனிடம் நல்ல போன் இருந்தது. அவர் ஒவ்வொருவருடைய கொழுந்தையும் சாக்கில் கொட்டி ஒரு படம் எடுத்து அனுப்பினால், அந்தப் படம் பெரட்டுக் களத்து ஓரத்தில் உள்ள சின்னப் பெரட்டு ஆபீசின் ஜன்னலுக்குள் வைத்த டிவியில் வந்து விழவேண்டும். பெரட்டுக் களம்தான் தோட்டத்துக்கு நடு இடம். காலையில் பெரட்டு என்று வேலைக்குப் பேர் கூப்பிடுவதும் அங்கே, மாலையில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தாண்டிப் போவதும் அதைத்தான்.

மூன்று கிழமை அவள் அதிலேயே கிடந்தாள். ஹட்டனில் இருந்து கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து டிவியின் முதுகில் பொருத்தினாள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அது புதிய படம் வந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கும். இருந்தால் எடுத்துவந்து காட்டும். சொல்லும்போது இவ்வளவுதான். செய்யும்போது ஒவ்வொன்றாக முளைத்தது. காட்டிய படத்தையே திரும்பத் திரும்பக் காட்டியது. சில படங்கள் தலைகீழாக வந்தன. மேல் மலையில் சிக்னல் இல்லாததால் யோகேஸ்வரன் காலையில் எடுத்ததெல்லாம் மத்தியானம் மொத்தமாக வந்து குவிந்தது. அவள் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைத்துத் தீர்த்தாள். அந்த நாட்களில் அவளுக்குப் பசியே எடுக்கவில்லை என்று அன்னம்மா இன்றைக்கும் சொல்வாள்.

தோட்டத்து மேனேஜர் தொரை பார்க்க வந்த அன்று ஒரு சங்கடம் நடந்தது. காலைக் கொழுந்துப் படங்கள் முடிந்து, பகல் படங்கள் வருவதற்கு இடையில் அவர் வந்து நின்றார். காட்டப் புதிதாக எதுவும் இல்லாததால் திரை கறுப்பாக இருந்தது.

"என்ன, டிவி செத்துப் போச்சா?" என்றார் தொரை. பக்கத்தில் நின்ற யோகேஸ்வரன் சிரித்தார். பிரேமினிக்குக் காதெல்லாம் சூடானது. அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து அதை மாற்றினாள். புதிதாக ஒன்றும் வராவிட்டால், கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கட்டும். புதியது வந்ததும் அது போய்விடும். இரண்டு வரி வேலை. திரை அதற்குப் பிறகு ஒருநாளும் கறுக்கவில்லை.

முதல் இரண்டு மாதமும் அது ஒரு கொண்டாட்டமாகவே இருந்தது. மாலையில் கூடைகளோடு பெண்கள் களத்தில் நின்று பார்ப்பார்கள். நல்ல கொழுந்துக்குக் கீழே பச்சைக் கோடு, முத்தல் கலந்ததற்குச் சிவப்புக் கோடு. பேர் கிடையாது, செக்ரோல் நம்பர் மட்டும். ஒருநாள் ஜெயந்தினியின் நம்பர் பச்சைக் கோட்டோடு வந்தபோது அவள் ஸ்டோர் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி? பூவாட்டம் இருக்கு!" என்றாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். அதே தோட்டத்துப் பிள்ளையான கணவன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றான். மாதத்துக்கு ஒருமுறை வருவான்.

மூன்றாம் மாதம் தொரை பிரேமினியைக் கூப்பிட்டார்.

"நல்ல கொழுந்தைக் காட்டி என்ன பிரயோசனம்? அதை எல்லாரும் எடுக்கத்தானே வேணும். பிழையை மட்டும் காட்டு. பேரையும் போடு."

"தொரை, பேர் வேணாமே. நம்பரே போதும், அவங்கவங்களுக்குத் தெரியும்."

"நம்பரைப் பார்த்து யாருக்கு வெட்கம் வரும்?"

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. வீட்டில் அப்பாவுக்கு இழுப்பு நோய், மாதாமாதம் டிக்கோயா ஆஸ்பத்திரி. மேசைக்குத் திரும்பிப் போய்ப் பேர்ப் பட்டியலை நம்பர்களோடு இணைத்தாள். அரை நாளில் முடிந்துவிட்டது.

பிறகு சில பெண்கள், "அது என் கொழுந்தே இல்ல" என்று மறுத்தார்கள். அப்படியானால் ஆளும் தெரியும்படி படம் எடுக்கச் சொல் என்றார் தொரை. அதை யோகேஸ்வரனிடம் போய்ச் சொன்னவளும் பிரேமினிதான். அன்றிலிருந்து மாலையில் களத்தில் யாரும் நிற்பதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரைப்பக்கம் பார்க்காமல் விறுவிறுவென்று கடந்து போனார்கள். இளவட்டங்கள் மட்டும் மதிலில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெயந்தினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தர்ஷன் என்று பேர் வைத்தார்கள். பிரசவ லீவு முடிந்து அவள் மலைக்குப் போனபோது குழந்தைக்கு மூன்று மாதம். காலையில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஏறுவாள். பக்கத்து மலையில் வேலை என்றால் இடையில் இறங்கிவந்து பால் கொடுக்கலாம். பன்னிரண்டாம் நம்பர் மலைக்குப் போட்டால் போய்வரவே ஒரு மணித்தியாலம். கையில் அவசரம் ஏறினால் இலை பார்த்துக் கிள்ள நேரமிருக்காது. அகப்பட்டதெல்லாம் கூடைக்குள் போகும். ஒரே மாதத்தில் நாலு தடவை அவள் பேர் திரையில் வந்தது.

"என் பேர மட்டும் எடுத்துவிடுடி. புள்ள கொஞ்சம் வளர்ற வரைக்கும். இவரு வந்து பாத்தா வைவாரு," என்று பீலியில் வைத்துக் கேட்டாள்.

"என் கையில இல்ல ஜெயா. நான் எடுத்தா தொரைக்குத் தெரிஞ்சிரும்."

"நீ செஞ்சதுதானே அது?"

"செஞ்சது நான்தான். அதுக்காக...?"

ஜெயந்தினி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை போன் எடுத்து இதையே கேட்டாள். பிரேமினிக்குச் சலித்துவிட்டது. பீலிக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். போனில் ஜெயந்தினியின் பேர் வந்தால் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கூப்பிட்டால், 'வேலையில இருந்தேன்' என்று சொல்லிவிடலாம்.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழா பங்குனி கடைசியில் வந்தது. சனிக்கிழமை பகல் வரைக்கும்தான் வேலை, பிறகு செவ்வாய்க்கிழமைதான் பெரட்டு என்று அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அப்பா வடிவேலுக்கு இழுப்பு அதிகமாகி, பிரேமினி அவரை வேனில் ஏற்றி டிக்கோயாவுக்குக் கொண்டுபோனாள். வார்டில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதனால் சனிக்கிழமை நடந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. பின்னால் பலர் சொல்லக் கேட்டதுதான்.

சனிக்கிழமை பன்னிரண்டாம் நம்பர் மலையில் வேலை. பிள்ளைக்காம்பராவைத் திருவிழாவுக்காகப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஜெயந்தினியால் விடிந்ததிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கவே முடியவில்லை. இரண்டு கையாலும் பறித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தும், மடுவத்தில் கடைசி ஆளாகத்தான் நின்றாள்.

"ஐயா, என்னைய சீக்கிரம் விடுங்க ஐயா. புள்ள பசியில கெடக்கான்."

"ஒரு நிமிஷம் நில்லு," என்றார் யோகேஸ்வரன். அவருக்கும் பஸ் பிடிக்கும் அவசரம். ஊர் இறம்பொடைப் பக்கம், திருவிழா லீவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கொட்டிய கொழுந்து பாதிக்கு மேல் முத்தல். குனிந்து சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெயந்தினியோடு சேர்த்து ஒரு படம் எடுத்தார். சிவப்புக் கோடு போட்டார். அனுப்பினார். பெரட்டு ஆபீசைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் படத்தை அவர் இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை என்றுதான் பிறகு சத்தியம் செய்தார். பொய்யாக இருக்காது.

படத்தில் கொழுந்து கொஞ்சம்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் ஜெயந்தினி. காலையிலிருந்து பிள்ளை குடிக்காத பால் கட்டி, சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து ஒட்டியிருந்தது. வியர்வையில் முடி முகத்தில் படிந்து, வாய் ஏதோ கெஞ்சுகிற மாதிரி திறந்திருந்தது. கீழே அவளுடைய முழுப் பேர். அதற்கும் கீழே சிவப்புக் கோடு.

அதற்குப் பிறகு புதிய படம் வரவில்லை. வருவதற்கு யாரும் வேலை செய்யவில்லை. கடைசியாக வந்த படம் அப்படியே நின்றது.

சாமி ஊர்வலம் சுற்றி வருகிற பாதை பெரட்டுக் களம் வழியாகத்தான் போகிறது. சனி பின்நேரம் கரகம் வந்தது. ஞாயிறு காலையில் பால்குடம், பகலில் காவடி. நாலு டிவிஷன் ஜனங்களும், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் லீவில் வந்த பிள்ளைகளும் அந்தத் திரையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பெண்கள் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினார்கள். சில பேர் நின்றார்கள். மதிலில் இருந்த இளவட்டங்களில் எவனோ அதைப் போனில் பிடித்து, சிரிக்கிற பொம்மை முகங்களைச் சேர்த்து அனுப்ப, அது போன் போனாகப் போயிற்று.

டிவி, கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே இருந்தது. மெயின் சுவிட்சும் பூட்டிய அறைக்குள்தான். கஜேந்திரனின் அக்கா சர்மிளா ஒரு படங்குச் சாக்கைக் கொண்டுபோய்க் கம்பியில் கட்டி மறைத்தாள். வாட்சர் வந்து, "தோட்டத்து சாமான்ல கை வைக்காதீங்க அக்கா, நாளைக்கு என்னையதான் கேப்பாங்க," என்று அவிழ்த்துவிட்டார். கல்லால் அடித்து உடைப்போம் என்றான் ஒருவன். பொலிஸ் வரும் என்றான் இன்னொருவன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயந்தினி பிரேமினிக்குப் போன் எடுத்தாள். பிரேமினி வார்டு ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேரைப் பார்த்தாள். திருவிழா நாளிலும் விடமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தத்தை நிறுத்தினாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அடித்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.

கணக்கப்பிள்ளையின் போனில் இருந்த, படம் ஏற்றும் அதே வழி அவளுடைய போனிலும் இருந்தது. எந்தப் படமாக இருந்தாலும் சரி, ஒன்றை ஏற்றியிருந்தால் பதினைந்து விநாடியில் திரை மாறியிருக்கும்.

திங்கட்கிழமை பகல் அன்னம்மா சோற்றுப் பார்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கணவனின் நெஞ்சைத் தடவிவிட்டாள். பிறகு மகளை வெளியே கூப்பிட்டாள்.

"ஏம்மா, அந்த டிவிய நிப்பாட்ட ஏலாதா?"

"எந்த டிவி?"

"பெரட்டு டிவிதான். ஜெயந்தினியோட படம் சனிக்கெழமையில இருந்து அப்பிடியே நிக்கிது. சட்டையெல்லாம் பாலு... பாக்கவே சகிக்கல்ல. புருஷன்காரன் நேத்து வந்து பாத்துட்டு அடிச்சிருக்கான். அந்தப் புள்ள ரெண்டு நாளா வெளிய வரல்ல."

பிரேமினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பையைத் துழாவிப் போனை எடுத்தாள். அதில் ஒழுங்கான படம் எது என்று தேடும் நிதானம் இல்லை. வார்டுக்குள் திரும்பி, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் படம் பிடித்து அதையே ஏற்றினாள். கல்லுமலைப் பெரட்டுக் களத்தில் திங்கள் பின்நேரம் தொடங்கிச் செவ்வாய் காலை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் போத்தல் நின்றது. அது ஏன் வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து படுக்கவைத்த கையோடு ஜெயந்தினி வீட்டுக்குப் போனாள். வாசலில் சர்மிளா நின்றாள்.

"உள்ள வராதீங்க," என்றாள். சின்ன வயதிலிருந்து 'வாடி போடி' என்று கூப்பிட்டவள் 'வராதீங்க' என்று சொன்னது பிரேமினிக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"அக்கா, எனக்கு தெரியாதுக்கா. நான் ஆஸ்பத்திரியில..."

"ஆஸ்பத்திரியில போன் வேல செய்யாதா?"

உள்ளே குழந்தை அழுதது. கஜேந்திரனின் குரல் கேட்டது. ஜெயந்தினியின் குரல் கேட்கவே இல்லை. பிரேமினி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

நேரே ஆபீசுக்குப் போய்த் தொரையின் முன்னால் நின்றாள். பேரையும் ஆளையும் திரையிலிருந்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் இதைச் செய்யமாட்டேன் என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. தொரைக்கும் படத்தைக் கண்டபோது மனம் சங்கடப்பட்டிருக்க வேண்டும்.

"ஆளைப் படம் பிடிக்க வேண்டாம் என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்கிறேன். பெரட்டு மூடினால் திரையும் மூடுகிற மாதிரிச் செய். பேர் இருக்கட்டும்."

கடைசிப் படம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று அவள் எழுதினாள். நாலு வரி. எழுதிச் சரிபார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நாலு வரியை எழுதி முடித்துவிட்டு, நெற்றியைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். திரையில் ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

ஜெயந்தினி பிறகு மலைக்குப் போகவே இல்லை. மனைவி கொழுந்துக்குப் போகவேண்டாம் என்று கஜேந்திரன் முடிவாகச் சொல்லிவிட்டான். ஆனால் ஒருவன் சம்பளத்தில் வீடு நடக்காது. அவன் வேலை செய்த கடை முதலாளி மூலம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்கி வேலை செய்யவேண்டும், சொந்தப் பிள்ளையைக் கூட்டிவர முடியாது. அங்கே அவளுக்கு வேலை, ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது.

அவள் போன காலையில் தர்ஷனுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பிரேமினி பஸ்ஸைப் பார்த்தாள். ஜெயந்தினி நெஞ்சை ஒரு துவாயால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சர்மிளா குழந்தையை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயந்தினி ஆபீஸ் பக்கம் திரும்பவில்லை.

பிரேமினி அந்த ஆபீசில் இன்னும் ஐந்து மாதம் இருந்தாள். பெண்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. பீலியில் அவள் வந்தால் குடத்தை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். அன்னம்மாவிடமும் மலையில் முன்போல் யாரும் வெற்றிலை கேட்பதில்லை. ஒருநாள் அன்னம்மாவே, "வேற எங்கயாவது பாரும்மா," என்றாள். பிரேமினி ஹட்டன் பஜாரில், அடையாள அட்டைப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி பிரதாப் நல்ல மனுஷன். சம்பளம் குறைவு. அவளுடைய ஆபீஸ் நாற்காலிக்கு வேறொரு பிள்ளை வந்தது.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு ஜெயந்தினி மூன்று நாள் லீவில் வந்திருப்பதாக அன்னம்மா சொன்னாள். பிரேமினி லீவு எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஜெயந்தினி மெலிந்து, கொஞ்சம் நிறமாகக்கூட இருந்தாள். "வா, இரு," என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வெள்ளவத்தை வீட்டில் லிப்ட் இருக்கிறது, கடல் தெரியும், அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது, தன்னைப் பார்த்தால்தான் சோறு உண்ணும் என்றெல்லாம் சொன்னாள்.

தர்ஷன் சர்மிளாவின் மடியில் இருந்தான். ஜெயந்தினி கையை நீட்டினால் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "போனம்மாகிட்ட போடா," என்றாள் சர்மிளா. போனில் மட்டும் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அவன் வைத்த பேர் அது. அவன் போகவில்லை. ஜெயந்தினி கையை மடக்கிக்கொண்டாள்.

"ஜெயா," என்றாள் பிரேமினி. "அன்னைக்கு நான்..."

"ரெண்டு தடவ போன் அடிச்சேன்." ஜெயந்தினி அவளைப் பார்க்காமல் பேசினாள். "ஒன்னையத்தான் அடிச்சேன். வேற யாரையும் அடிக்கல்ல. நீ ஒரு நிமிஷத்துல படத்த எடுத்துருவன்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். மூணாவது தடவ அடிச்சிருந்தா போன எடுத்திருப்பியா?"

எடுத்திருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. பிரேமினி அதைச் சொல்லவில்லை.

"எடுத்திருக்க மாட்டேன் ஜெயா. பேர எடுக்கச் சொல்லத்தான் கூப்புடுறன்னு நெனச்சேன்."

ஜெயந்தினி தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "எனக்கும் அது தெரியும்," என்றாள். பிறகு எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். பிரேமினி இன்னும் கால் மணி நேரம் இருந்தாள். ஜெயந்தினி திரும்பி வந்து உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். பிறகு வந்தபோதெல்லாம் பிரேமினிக்குச் சொல்லி அனுப்பவில்லை. பிரேமினியும் தேடிப் போகவில்லை.

ஸ்டூடியோவில் இரண்டாம் வருடம் பிரதாப் ஒரு யோசனை சொன்னார். கல்யாண மண்டபங்களில் இப்போது பெரிய திரை வைக்கிறார்கள், விருந்தாளிகள் போனில் எடுக்கிற படம் உடனுக்குடன் அதில் வரவேண்டும் என்று கேட்கிறார்கள், நாம் செய்யலாமா என்றார். பிரேமினி முடியாது என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை, இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டார். அப்பாவின் மருந்துச் செலவு கூடியிருந்தது. சரி என்றாள்.

அவள் செய்து கொடுத்ததில் எந்தப் படமும் தானாகத் திரைக்குப் போகாது. ஒரு ஆள் பார்த்து, விடு என்று அமுக்கினால்தான் போகும். அமுக்க ஆள் இல்லாவிட்டால் திரையில் மணமக்கள் பேர் மட்டும் இருக்கும்.

"இது மெதுவா வேல செய்யிதே பிரேமினி. ஆளுங்க எங்க படம் எங்கன்னு கேக்குறாங்க," என்பார் பிரதாப்.

"வரும் அண்ணே. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

அந்த ஆள் பிரேமினிதான். ஒவ்வொரு கல்யாணத்திலும் மண்டபத்து ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். படங்கள் வந்துகொண்டே இருக்கும். வாயில் சோற்றோடு சிரிப்பவர்கள், தூங்குகிற பிள்ளைகள், சேலை விலகியதை அறியாதவர்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் விடுவாள். கை கழுவி இலைக்கு முன்னால் உட்கார அவளுக்கு நேரம் வராது. பந்தி முடிந்தபின் யாராவது பார்சல் கட்டிக் கொடுப்பார்கள்.

போன ஆவணியில் ஹட்டனில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் படங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று மணப்பெண்ணின் தாயுடையது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுகிறாள். எடுத்தது யாரோ, நன்றாக எடுத்திருந்தார்கள். வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. பின்னால் மேளக்காரர் மங்கலாகத் தெரிந்தார். திரையில் போட்டால் மண்டபமே ஒரு கணம் அமைதியாகியிருக்கும்.

பிரேமினி எழுந்து, கூட்டத்துக்குள் நுழைந்து அந்தத் தாயைத் தேடிப் பிடித்தாள். போனைக் காட்டினாள்.

"இத பெரிய டிவியில போடட்டுமாங்க?"

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "வேணாம் புள்ள. எல்லாரும் பாப்பாங்க."

"சரிங்க," என்றாள் பிரேமினி. அவளுக்கு முன்னாலேயே அதை அழித்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதற்குள் பதினேழு படங்கள் வந்து காத்திருந்தன.